தலையணையின் நடுப்பகுதி

மார்ச் 3, செவ்வாய்

ஸ்க்ரூடிரைவர் தேடி அப்பாவின் டூல்ஸ் பைக்குள் கையை விட்டேன். மூன்று காகிதப் பைகள் கிடைத்தன. நாலாக மடித்து, பெரிய ஸ்பேனருக்கு அடியில் சொருகியிருந்தார். மூன்றிலும் எண்ணெய்க் கறை. ஒன்றில் பொருக்கு கூட ஒட்டியிருந்தது. மோந்து பார்க்கவே வேண்டாம். தலையணை.

பேக்கரியில் அதன் பெயர் ஆப்பிள் பஃப். சதுரமாக, உப்பலாக, நாலு ஓரமும் மொறுமொறுவென்று, நடுவில் ஆப்பிள் ஜாம். மூன்று வயதில் நான் அதைப் பார்த்து "குட்டித் தலையணை" என்றேனாம். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயர் கிடையாது.

கேட்டேன்.

"மூணுதான், இன்ஸ்பெக்டர். ஒரு மாசத்துல மூணே மூணு."

"எத்தனைன்னு கேட்கல. ஏன்னு கேட்டேன்."

"அது வெறும் காத்துதான்டா. அமுக்கினா ஒண்ணுமே இருக்காது."

அப்பாவின் கிட்னி கால்வாசிக்கும் கீழேதான் வேலை செய்கிறது. சர்க்கரை வியாதி இல்லை, பிரஷர் செய்த வேலை இது. டயாலிசிஸ் இன்னும் தொடங்கவில்லை. தொடங்காமல் இழுத்துப் பிடிப்பதுதான் ஜனவரியிலிருந்து இந்த வீட்டின் ஒரே வேலை. அம்மா ஏழு மணிக்கே தையல் யூனிட்டுக்குப் போய்விடுவாள். எனக்கு மதியத்துக்கு மேல்தான் பார்சல் டிப்போவில் ஷிஃப்ட். அதனால் சமையல் நான். சாப்பாட்டு போலீஸும் நான். ஆகவே இன்ஸ்பெக்டர்.

பைகளைத் தூக்கிப் போடவில்லை. என் அலமாரியில் வைத்திருக்கிறேன். சாட்சியாக இருக்கட்டும்.

மார்ச் 5, வியாழன்

நானூற்றிப் பன்னிரண்டு பார்சல். எல்லா லேபிளும் நேராக ஒட்டியிருந்தேன். சூப்பர்வைசர் ஒன்றுமே சொல்லவில்லை. அவர் அகராதியில் அதற்குப் பாராட்டு என்று அர்த்தம். காலேஜை விட்ட பிறகு இது மூன்றாவது வேலை. மற்ற இரண்டைவிட இது தாக்குப்பிடிக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

அப்பா காயை ஒரு வாய் போட்டுவிட்டு முகத்தைச் சுளித்தார். ஏதோ கசக்கிறதாம். காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேகவைத்துச் செய்தால் வேறெப்படி இருக்கும்? நாக்கை அடக்குங்க என்றேன். தட்டைக் காலி செய்தார்.

பிறகு எனக்குத்தான் சங்கடமாக இருந்தது. பழசெல்லாம் ஞாபகம் வந்தது.

அப்பா லிஃப்ட் மெக்கானிக். இப்போது வாரம் இரண்டு நாள் மட்டும் போகிறார். நான் சின்னவளாக இருந்தபோது பள்ளி லீவு நாளில் என்னையும் கூட்டிப்போவார். மொட்டை மாடியில் லிஃப்ட் மோட்டார் ரூம் இருக்கும். சின்ன இரும்புக் கதவு, உள்ளே சூடு, கிரீஸ் வாசனை. யாரோ கீழே பட்டனை அழுத்துவார்கள், இங்கே பெரிய சக்கரம் தூக்கம் கலைந்த மாதிரி சுற்றத் தொடங்கும். "மூணாவது மாடி ஆன்ட்டி கடைக்குக் கிளம்பிட்டாங்க" என்பார் அப்பா. சக்கரம் சுற்றுகிற சுற்றை வைத்தே எந்த மாடி என்று சொல்லிவிடுவார். ஊரில் யார் எங்கே போகிறார்கள் என்று தெரிந்த ஒரே ஆள் எங்கள் அப்பாதான் என்று ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன்.

வேலை முடிந்ததும் அங்கேயே உட்கார்ந்து தலையணையைப் பிரிப்பார். நாலு ஓரத்தையும் பிய்த்து எனக்குக் கொடுப்பார். ஜாம் இருக்கும் நடுப்பகுதி அவருக்கு. மற்ற அப்பாக்கள் மாதிரி, நீ சாப்பிடு, எனக்கு வேண்டாம் என்றெல்லாம் சொல்ல மாட்டார். "கைல கிரீஸ் பட்டவங்களுக்குத்தான் நடு. சட்டம் அப்படி." ஒரு நாள் நான் மோட்டார் மூடியில் விரலைத் தேய்த்துக் கறுப்பாக்கிக் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "திருட்டு கிரீஸ். செல்லாது" என்றார்.

இப்படிக் கறாராகப் பேசுவது எங்கிருந்து வந்தது என்று என்னைக் கேட்கிறவர்கள் அவரைப் பார்த்ததில்லை.

மார்ச் 11, புதன்

லேப்பிலிருந்து போன் வந்தது. மாதாந்திர ரத்தப் பரிசோதனை. பொட்டாசியம் 6.4. உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்றார்கள்.

ஆட்டோவில் அப்பா கேட்டார், எத்தனாவது மாடி என்று. மூன்றரைக்கும் ஐந்துக்கும் நடுவில் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து அவர் பொட்டாசியத்தை மாடிக் கணக்கில்தான் சொல்வார். ஜனவரியில் 4.7. பிப்ரவரியில் 5.4. நான் சொல்லவில்லை. பேப்பரை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தார்.

"அஞ்சு மாடி பில்டிங்ல ஆறாவது மாடிக்குப் போயிருக்கேன்."

நான் சிரிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

நெஞ்சில் ஒயர் ஒட்டி, ஊசி போட்டு, தண்ணீரில் பவுடர் கரைத்துக் கொடுத்தார்கள். சாயங்காலம் 5.3. இன்னும் ஏறியிருந்தால் இதயமே நின்றிருக்கலாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொன்னார். அம்மா சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வாழைப்பழமா, உருளைக்கிழங்கா, ஜூஸா என்று கேட்டார். எதுவும் இல்லை என்றேன். லிஸ்ட் எனக்குத் தலைகீழாகத் தெரியும்.

பிறகு அந்த மூன்று பைகளையும் எடுத்துக் காட்டினேன். ஆமாம், கையோடு கொண்டு போயிருந்தேன். சரி, பேக்கரி அயிட்டம் எல்லாம் இப்போதைக்கு நிறுத்திடுங்க என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

அம்மா பைகளைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். அப்பா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

மார்ச் 14, சனி

அப்பா வீட்டுக்கு வந்தாச்சு. நேராக பேக்கரிக்குப் போனேன். பேக்கரி அண்ணன் என்னைத் தவழ்கிற வயதிலிருந்து பார்க்கிறவர். "என்ன பாப்பா, தலையணையா?" என்றார் சிரித்துக்கொண்டே. கடையில் ஐந்தாறு பேர் இருந்தார்கள்.

"எங்கப்பா செத்தா நீங்கதான் காரணம். இனிமே அவருக்கு ஒண்ணும் கொடுக்காதீங்க."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் கையிலிருந்த ட்ரேயை மெதுவாகக் கீழே வைத்தார். பரவாயில்லை. சொல்ல வேண்டியது.

மார்ச் 20, வெள்ளி

அப்பா வேலையிலிருந்து லேட்டாக வந்தார். நீ அங்க போய் ஏதாவது சொன்னியா என்று கேட்டார். ஆமாம் என்றேன். தலையாட்டிவிட்டுக் கை கழுவப் போனார். அவ்வளவுதான். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

மார்ச் 30, திங்கள்

5.9.

"நான் எதையும் தொடல" என்றார் அப்பா. அம்மா அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். ஏற்கெனவே பளபளப்பாக இருந்த அடுப்பு.

"சத்தியமா. பேக்கரியில எனக்குக் கொடுக்கறதும் இல்ல."

"அந்தக் கடை இல்லன்னா இன்னொரு கடை" என்றாள் அம்மா.

நான் அவர் பக்கம் பேசியிருக்கலாம். பேசவில்லை. நானும் நம்பவில்லை, அதுதான் உண்மை.

மார்ச் 31, செவ்வாய்

ஆஸ்பத்திரியின் டயட் மேடம் போன் செய்தார். சாப்பாட்டு லிஸ்ட் எல்லாம் சரியாகத்தான் இருக்கு, கணக்கு மட்டும் உதைக்குது, சமையல்கட்டில் இருக்கிற ஒவ்வொரு பாக்கெட்டையும் முன்பக்கம், பின்பக்கம் போட்டோ எடுத்து அனுப்பு என்றார். எடுத்தேன். பிரெட், பிஸ்கட், எண்ணெய், மாவு.

உப்பு.

பச்சை நிற டப்பா. முன்பக்கம் ஒரு இதயம் படம், 'சோடியம் குறைவு' என்று கொட்டை எழுத்து. பிப்ரவரி தொடக்கத்தில் நான்தான் வாங்கினேன். உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார்கள், அப்பா சப்பென்று இருக்கிறது என்று புலம்பிக்கொண்டிருந்தார். இதுதான் சோடியம் குறைவான உப்பாச்சே, தாராளமாகப் போடலாம் என்று போட்டேன். என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பின்பக்கம். பொடி எழுத்து. பொட்டாசியம் குளோரைடு.

ரெண்டு வருஷம் கெமிஸ்ட்ரி படிச்சேன். பாதியில விட்டுட்டு வந்தாலும் ரெண்டு வருஷம் படிச்சேன். லேப்ல அந்தப் பாட்டிலைக் கையில பிடிச்சிருக்கேன். உப்பு மாதிரியே இருக்கும், நாக்குல பட்டா கசக்கும்னு சார் சொன்னது கூட ஞாபகம் இருக்கு. கசக்குதுன்னு அவர் சொன்னாரே. சொன்னாரே அவர். நாக்கை அடக்குங்கன்னேன்.

ஒரு நாளைக்கு நானூறு லேபிள் ஒட்டறவ. இந்த ஒரு லேபிளைப் படிக்கல.

எல்லா போட்டோவையும் அனுப்பினேன். உப்பு டப்பாவை மட்டும் அனுப்பவில்லை.

ஏப்ரல் 1, புதன்

உப்பைத் தொட்டியில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். சாதா உப்பு வாங்கி அதே டப்பாவில் போட்டு வைத்தேன். இனி ஒரு நாளைக்கு அளந்து கால் ஸ்பூன்தான். யாருக்கும் தெரியாது.

ஏப்ரல் 3, வெள்ளி

அப்பா ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு நிமிர்ந்து பார்த்தார். "இன்னைக்குக் கசக்கல" என்றார். காய் நல்ல காய் என்றேன்.

ஏப்ரல் 9, வியாழன்

4.8.

அம்மா ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பாவைப் பார்த்துச் சிரித்தாள். "பாத்தீங்களா, வாயைக் கட்டினா எல்லாம் தானா சரியாகுது." அப்பாவும் சிரித்தார். பரீட்சையில் தேறிய பையன் மாதிரி. "நாலாவது மாடிக்கு இறங்கியாச்சு" என்று என்னிடம் நாலு விரலைக் காட்டினார்.

செய்யாத தப்புக்கு வாங்கின மன்னிப்பு அது. என்னால் அங்கே நிற்க முடியவில்லை. துணி எடுக்கிற சாக்கில் மாடிக்குப் போய்விட்டேன். கொடியில் ஒரு துணியும் இல்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

சொல்லிட்டேன்.

ரெண்டு பேரும் இருந்தாங்க. டப்பாவை மேசை மேல வச்சேன். பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாமப் படிக்க முடியல, நான்தான் படிச்சேன். என் வாயாலயே. பொட்டாசியம் குளோரைடு. பஃப் இல்ல, நான்தான். பிப்ரவரியிலேர்ந்து மூணு வேளையும் நான்தான் போட்டுக் கொடுத்தேன். தெரிஞ்சும் பன்னெண்டு நாள் மறைச்சேன். இதையெல்லாம் ஒரே மூச்சுல சொன்னேன், இல்லன்னா நடுவுல நின்னுபோயிருக்கும்.

அம்மா நாற்காலியில உக்காந்துட்டா. அப்பா டப்பாவையே பார்த்துக்கிட்டிருந்தார். கத்துவார்னு நெனச்சேன். கத்தணும்னு இருந்துச்சு.

"ஆஸ்பத்திரியில படுத்திருந்தப்போ அந்த மூணையும் எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்றார். "முதல் ஒண்ணு எந்த நாள், ரெண்டாவது எந்த நாள். மூணாவதையாவது சாப்பிடாம இருந்திருக்கலாமேன்னு. உங்கம்மாவைத் தனியா விட்டுட்டுப் போயிருப்பேனே, ஒரு பஃப்புக்காகன்னு."

அப்புறம் எழுந்து செருப்பைப் போட்டுக்கிட்டு வெளியே போய்ட்டார்.

திட்டியிருந்தா தேவலாம்.

ஏப்ரல் 13, திங்கள்

அப்பா பேசவில்லை. அம்மா அவர் தட்டில் தானே பரிமாறினாள். எனக்கும் பரிமாறினாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

காலையில் சமையல்கட்டு வாசலில் வந்து நின்றார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன். உப்பு ஜாடியை எடுத்து, சட்டைப்பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, நிதானமாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பச்சை டப்பாவைத் தூக்கிப் போட்டுவிட்டு நேற்று நான் மாற்றி வைத்த ஜாடி அது. அதில் லேபிளே கிடையாது.

"இன்ஸ்பெக்டரை சஸ்பெண்ட் பண்ணலாமான்னு யோசிச்சேன்" என்றார். "வேற ஆள் இல்ல. தொலையட்டும்."

வெங்காயம் நல்ல வசதி. எவ்வளவு வேண்டுமானாலும் அழலாம்.

ஏப்ரல் 16, வியாழன்

மூன்று பேரும் டயட் மேடத்திடம் போனோம். உப்பு விஷயத்தை நானே சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்தார். இந்த வருடத்தில் நான் நாலாவது ஆளாம். மற்ற மூன்று பேருக்கும் லேபிளில் இருந்தது என்னவென்றே தெரியாது, அதுதான் வித்தியாசம் என்று நான் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. ஆறுதல் சொல்லாத ஆட்களை எனக்குப் பிடிக்கும்.

அப்புறம் அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டு, ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

"மேடம், நான் தலையணை சாப்பிடலாமா?"

மேடம் அவரை உற்றுப் பார்த்தார். பிறகு என் பக்கம் சாய்ந்து, குரலைத் தாழ்த்தி, "எவ்வளவு நாளா இப்படிப் பேசறார்?" என்று கேட்டார். கிட்னி கெட்டால் சிலருக்குப் புத்தி தடுமாறுமாம். அம்மாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை, தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் ஆப்பிள் பஃப் என்று விளக்கினேன். மேடமும் சிரித்துவிட்டார்.

சிரித்து முடித்துக் கணக்குப் போட்டார். "மைதா, வெண்ணெய், சர்க்கரை, ஆப்பிள். இதுல பொட்டாசியம் பெரிசா எங்க இருக்கு? வீட்லேர்ந்து வந்த போட்டோவுல இதைவிட மோசமா ரெண்டு இருக்கு. இந்தத் தவிட்டு பிரெட்டையும் பாதாம் பிஸ்கட்டையும் யார் சேத்தது?"

அப்பா கூரையைப் பார்த்தார். பெரிய மனுஷன்.

உடம்புக்கு நல்லது என்று நான் ஊட்டியதெல்லாம் பொட்டாசியமும் பாஸ்பரஸும். திருட்டுத்தனமாக அவர் தின்றதுதான் கொஞ்சம் சாது. அதற்காக இஷ்டத்துக்குத் தின்னலாம் என்று இல்லை. பாதித் துண்டு. வாரத்துக்கு ஒரு நாள். வெறும் ஆப்பிள் மட்டும். கிரீம், சாக்லேட், பருப்பு போட்டது கூடாது. மாவிலும் வெண்ணெயிலும் உப்பு இருக்கும், அதனால் அன்றைக்குச் சாப்பாட்டில் உப்பு இன்னும் குறைய வேண்டும். சாப்பாட்டுக்குப் பதிலாகத் தின்னக் கூடாது. மாதா மாதம் ரத்தம் என்ன சொல்கிறதோ அதுதான் கடைசித் தீர்ப்பு. உங்களுக்குச் சர்க்கரை இல்லை, அதனால் சொல்கிறேன், வெளியே உட்கார்ந்திருக்கிற சர்க்கரைக்காரருக்கு இதையே சொல்ல மாட்டேன், அவரிடம் போய்ப் பெருமை அடிக்காதீங்க என்றார்.

கிளம்பும்போது என்னை நிறுத்தினார். வெயிட்டிங் ஹாலில் ஒட்ட, அந்த உப்பைப் பற்றி ஒரு நோட்டீஸ் வேண்டுமாம். "டாக்டர் பாஷையில நாங்க எழுதினா யாரும் படிக்கறதில்ல. உனக்கு நேரா பேச வருது. எழுதித் தா."

ஏப்ரல் 18, சனி

பேக்கரிக்குப் போனேன். வாசலில் இரண்டு தடவை திரும்பிப் போகப் பார்த்தேன். அன்றைக்குக் கூட்டத்தில் வைத்துச் சொன்னேன், அதனால் மன்னிப்பும் கூட்டத்தில்தான் கேட்க வேண்டும் என்று ஆள் சேரும் வரை நின்றேன். கேட்டேன். சத்தமாகவே.

பேக்கரி அண்ணன் கவுன்ட்டரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு சொன்னார்.

"நீ வந்துட்டுப் போனப்புறம் ஒரு வெள்ளிக்கிழமை வந்தார் பாப்பா. கொடுக்க மாட்டேன்னு சொன்னேன். சரின்னுட்டு அந்த பெஞ்சுல உக்காந்தார். அரை மணி நேரம். அடுத்த வெள்ளியும் வந்தார். கேக்கவே இல்ல. சும்மா உக்காந்து வாசனை புடிச்சுட்டுப் போனார்."

அந்த பெஞ்சைப் பார்த்தேன். கதவுக்குப் பக்கத்தில், ஒரு கால் ஆடுகிற பெஞ்சு. காலேஜிலிருந்து பாதியில் வந்த அன்று என்னையும் அப்பா அங்கேதான் உட்கார வைத்தார். ஏன் விட்டாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் நாலு ஓரம்தான் கொடுத்தார்.

வெள்ளிக்கிழமை ஒரு ட்ரேக்கு மாவில் உப்பில்லாமல் போட்டுத் தருகிறாராம். மற்றவர்கள் சப்பென்று இருக்கிறது என்று சொன்னால் உன்னைக் கைகாட்டிவிடுவேன் என்றார்.

ஏப்ரல் 22, புதன்

நோட்டீஸ் நாலு தடவை கிழித்து எழுதியாச்சு. கடைசியில் இப்படி வந்தது: 'உப்புக்குப் பதில் உப்பு என்று விற்பதை வாங்காதீர்கள். பெரும்பாலும் அது பொட்டாசியம். முன்பக்கம் இதயம் படம் இருக்கும். பின்பக்கத்தைப் படியுங்கள். சாப்பாடு கசந்தால், கசக்கிறது என்று சொல்பவரை நம்புங்கள்.'

கடைசி வரி தேவையா என்று மேடம் கேட்டார். தேவை என்றேன். விட்டுவிட்டார்.

ஏப்ரல் 24, வெள்ளி

காலையில் கெட்டி மார்க்கரால் மூன்று பிரதி எழுதி ஹாலிலும், லேப் வாசலிலும், லிஃப்ட் உள்ளேயும் ஒட்டினேன். லிஃப்டில் நோட்டீஸை அப்பா பிடித்துக்கொண்டார். அது நேராக இருக்கிறதா என்று பார்க்காமல், கதவு மூடும் சத்தத்தைக் கேட்டு, "ரோலர் தேஞ்சிருக்கு" என்றார். இன்றைய ரத்தம் 4.6.

திரும்பும் வழியில் அந்த பெஞ்சு. பேக்கரி அண்ணன் காகிதத்தில் ஒரு தலையணை வைத்தார். ஒன்றே ஒன்று. பாதிதான் அனுமதி.

அப்பா பிரிக்கவில்லை. "கையைக் காட்டு" என்றார்.

காட்டினேன். மூன்று விரலிலும், உள்ளங்கையிலும் மார்க்கர் மை. ஓரத்தில் பசை காய்ந்து உரிந்துகொண்டிருந்தது. பழைய மாதிரியே திருப்பித் திருப்பிப் பார்த்தார். நகக்கண்ணைக் கூடப் பார்த்தார்.

"ம். செல்லும்."

நாலு ஓரத்தையும் பிய்த்துத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ஜாமோடு நடுவை என் பக்கம் தள்ளினார். இருபத்தொரு வருடத்தில் முதல் தடவை.

வாயில் போட்டேன். ஒரே தித்திப்பு. ஜாமில் ஊறிக் கொழகொழவென்று, மொறுமொறுப்பே இல்லாமல். அவர் பக்கத்தில் ஓரங்கள் கடிபடுகிற சத்தம் கேட்டது. ஒரு ஓரத்தை முடித்துவிட்டு, ஏதோ புதிதாகக் கண்டுபிடித்தவர் மாதிரி கையிலிருந்த அடுத்த ஓரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"நடு எப்படி?"

"சூப்பர்ப்பா" என்றேன்.

அவரும் ஓரத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.